புது பைக்கின் முதல் ஆயிரம் கிலோமீட்டர்: அறிகுறி பார்த்து வீட்டிலேயே சரிசெய்ய

புது பைக் ஆயிரம் கிலோமீட்டரைத் தொடுவதற்குள் ஏதாவது ஒரு சத்தமோ தளர்வோ தலைகாட்டாமல் இருக்காது. பெரும்பாலும் அது கோளாறு அல்ல. செயின், கேபிள், பிரேக் பேட், பிஸ்டன் ரிங் என்று உரசி ஓடும் பாகங்கள் எல்லாம் இப்போதுதான் ஒன்றுக்கொன்று பழகி உட்காருகின்றன. உட்காரும்போது தொழிற்சாலையில் வைத்த அளவு கொஞ்சம் நகர்ந்துவிடும். நகர்ந்ததைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவதுதான் இந்தக் கட்டத்தில் நம் வேலை. அதற்கு மேல் போனால் வினைதான். நான் பார்த்தவரை, புது வண்டியைக் கவனிக்காமல் விட்டுக் கெடுத்தவர்களைவிட அளந்து பார்க்காமல் முடுக்கிக் கெடுத்தவர்கள் அதிகம்.

ஆகவே ஸ்பேனருக்கு முன்னால் கையில் இருக்க வேண்டியவை: வண்டியோடு வந்த ஓனர்ஸ் மேனுவல், ஒரு ஸ்டீல் ஸ்கேல், டயர் பிரஷர் கேஜ், முடிந்தால் ஒரு டார்க் ரெஞ்ச் (எவ்வளவு விசையில் முடுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்; அந்த விசைதான் டார்க்). கீழே நான் சொல்லும் எண்கள் பொதுவாகப் பல வண்டிகளுக்கு வருபவை. உங்கள் மேனுவல் வேறு எண் சொன்னால் மேனுவல் சொல்வதே சரி. இன்னொன்று, வாரன்டி. முதல் சர்வீஸைக் குறித்த கிலோமீட்டருக்குள் அவர்களுடைய சர்வீஸ் சென்டரிலேயே செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று வாரன்டி தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் ஆயில் மாற்றுவதை அவர்களிடம் விட்டுவிட்டு மற்றதை வீட்டில் பாருங்கள்.

செயின் பகுதியிலிருந்து 'சட சட' சத்தம், ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பிடித்தால் ஜெர்க்

முதலில் எல்லோருக்கும் வருவது இதுதான். செயின் தளர்ந்திருக்கிறது. 'செயின் நீண்டுவிட்டது' என்று சொன்னாலும் இரும்பு ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள பின்னும் புஷ்ஷும் உரசி இம்மியளவு தேய்கின்றன. நூற்றுச் சொச்சம் கண்ணிகளின் இம்மி சேர்ந்து கண்ணுக்குத் தெரியும் தொய்வாகிறது. புதுச் செயினில் இந்தத் தேய்மானம் ஆரம்பத்தில் வேகமாக இருந்து பிறகு மட்டுப்படும். அதனால் முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

இன்ஜினை அணைத்து நியூட்ரலில் வையுங்கள். செயினின் கீழ்ப்பக்கத்தில், முன் பல்சக்கரத்துக்கும் பின் பல்சக்கரத்துக்கும் நடுவில் ஸ்கேலை நிறுத்துங்கள். விரலால் செயினை மேலே தள்ளி ஒரு அளவு, கீழே இழுத்து ஒரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தொய்வு. தினசரி ஓட்டும் வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ. சாதாரணம். நீண்ட சஸ்பென்ஷன் கொண்ட அட்வென்ச்சர் வண்டிகளில் 35, 40 என்று போகும். பல வண்டிகளில் இந்த எண் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலேயே ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். சைடு ஸ்டாண்டில் அளக்கச் சொல்கிறார்களா, பின்சக்கரம் தொங்கும்படி சென்டர் ஸ்டாண்டில் அளக்கச் சொல்கிறார்களா என்பதையும் பாருங்கள். இரண்டிலும் ஒரே எண் வராது.

ஒரே இடத்தில் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். பின்சக்கரத்தைக் கையால் கால் சுற்று திருப்பி மறுபடி அளங்கள். இப்படி ஒரு முழுச் சுற்று. ஓரிடத்தில் 30 காட்டும் செயின் இன்னோர் இடத்தில் 24 காட்டும். சரிசெய்யும்போது கணக்கில் எடுக்க வேண்டியது அந்த இறுக்கமான இடத்தை. தளர்ந்த இடத்தைப் பார்த்து முடுக்கினால் இறுக்கமான இடம் வரும்போதெல்லாம் செயின் கம்பி மாதிரி விறைக்கும். புதுச் செயினிலேயே இந்த வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்தால் அதை முடுக்கிச் சரிசெய்யப் பார்க்காமல் வாரன்டியில் காட்டுங்கள்.

சரிசெய்யும் முறை இது. பின்சக்கர அச்சின் (ஆக்ஸில்) நட்டில், அது கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் இருந்தால் கழற்றி நட்டைத் தளர்த்துங்கள். மறுபடி போடும்போது புதுப் பின் போட வேண்டும். பின்னால் டிரம் பிரேக் உள்ள வண்டி என்றால் பிரேக் பிளேட்டைப் பிடித்திருக்கும் டார்க் ராடின் நட்டையும் தளர்த்த வேண்டியிருக்கும். பிறகு இரு பக்கமும் உள்ள அட்ஜஸ்டர் போல்ட்டைக் கால் சுற்று, கால் சுற்றாக, சமமாகத் திருப்புங்கள். ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இரு பக்கமும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அந்தக் கோடுகளை நூற்றுக்கு நூறு நம்ப வேண்டாம். வண்டிக்குப் பின்னால் குனிந்து, செயின் பின் பல்சக்கரத்தில் ஏறும் இடத்தை ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். நேராக ஓடுகிறதா, ஒரு பக்கம் ஒட்டி உரசுகிறதா என்பது தெரிந்துவிடும். ஆக்ஸில் நட்டை முழு டார்க்கில் முடுக்கிய பிறகு தொய்வை மறுபடி அளங்கள். முடுக்கும்போது சக்கரம் கொஞ்சம் பின்னுக்குப் போய் இரண்டு மூன்று மி.மீ. குறைவது வழக்கம். டார்க் ராட் நட்டை மறக்காதீர்கள். மறந்தால் பிரேக் பிளேட்டே சுற்றப் பார்க்கும்.

செயின் வேலை செய்தபின் புதிதாக ஒரு உறுமல், வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது

இறுக்கம் அதிகமாகிவிட்டது. தளர்ந்த செயினைவிட இது மோசம். குழியில் இறங்கி ஏறும்போது ஸ்விங் ஆர்ம் மேலே போகும்; முன் பல்சக்கரமும் ஸ்விங் ஆர்மின் அச்சாணியும் ஒரே இடத்தில் இல்லாததால் பின்சக்கரத்துக்கும் முன் பல்சக்கரத்துக்கும் உள்ள தூரம் அந்த நேரத்தில் மாறும். முன் பல்சக்கரம், அச்சாணி, பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது தூரம் உச்சம். அந்த உச்சத்துக்கு இடம் கொடுக்கத்தான் தொய்வே வைக்கிறார்கள். தொய்வு இல்லாத செயின் அப்போது கியர்பாக்ஸ் ஷாஃப்டின் பேரிங்கையும் பின்சக்கர பேரிங்கையும் பிடித்து இழுக்கும். சந்தேகம் வந்தால் கொடுத்த அளவின் தளர்ந்த ஓரத்தில் வைத்து விடுங்கள். பின்னால் உட்காரும் ஆளோடு ஓட்டுபவர்கள் கட்டாயம் அப்படித்தான் வைக்க வேண்டும்.

டிரம் பிரேக் வண்டியில் சக்கரம் பின்னுக்குப் போனதும் பிரேக் ராடும் இழுபட்டு பெடலின் பிளே (பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன் உள்ள வெற்று அசைவு) குறைந்திருக்கும். 'இழுக்கவில்லை' என்ற புகாருக்கு சில நேரம் காரணம் செயினே இல்லை, பிடித்தபடி ஓடும் பின் பிரேக்தான். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும். பெடலில் 20 முதல் 30 மி.மீ. பிளே வைத்துவிட்டு, பிரேக் லைட் சரியான நேரத்தில் எரிகிறதா என்றும் பாருங்கள்.

பின்சக்கர ரிம் முழுக்க கறுப்புத் தெறிப்பு

செயின் லூப் (செயினுக்கு அடிக்கும் எண்ணெய்) அதிகம். அல்லது அடித்தவுடன் வண்டியை எடுத்திருக்கிறீர்கள். ஓட்டி வந்து செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது, கீழ்ப்பக்கச் செயினின் உட்புறத்தில் மெல்ல அடித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேண்டியது கண்ணிக்கு உள்ளே. வெளியே மினுங்குவது மண்ணைத்தான் பிடிக்கும். சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதும். ஓ-ரிங் செயினில் பெட்ரோலும் கம்பி பிரஷும் வேண்டவே வேண்டாம், ரப்பர் வளையம் போய்விடும். 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை, மழையில் நனைந்தால் அன்றே.

இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினில் துணி பிடித்துத் துடைக்கும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. துணியோடு விரலும் பல்சக்கரத்துக்குள் போகும். சக்கரத்தைக் கையால் மட்டுமே சுற்றுங்கள்.

நியூட்ரல் விழவில்லை, கிளட்ச் பிடித்திருந்தும் வண்டி முன்னே நகர்கிறது

புது கியர்பாக்ஸ் கொஞ்சம் முரண்டு பிடிப்பது இயல்பு. வண்டி நிற்கப்போகும் கடைசி ஒன்றிரண்டு அடியில் நியூட்ரலுக்குத் தட்டினால் பெரும்பாலும் விழுந்துவிடும். அப்படியும் விழாமல், முதல் கியரில் வண்டி மெல்ல ஊர்ந்தால் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. லீவர் நுனியில் எவ்வளவு வெற்று அசைவு இருக்கிறது என்று பாருங்கள்: லீவரை விரலால் லேசாக இழுத்து, கேபிள் இறுகும் வரை நுனி எத்தனை மி.மீ. வருகிறது என்பதுதான் பிளே. 10 முதல் 20 மி.மீ. பொதுவான அளவு. அதற்கு மேல் இருந்தால் கேபிள் பழகித் தளர்ந்திருக்கிறது. லீவர் பக்கம் உள்ள லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைத் திருப்பிக் குறையுங்கள். அங்கே மரை தீர்ந்துவிட்டால் இன்ஜின் பக்கம் உள்ள அட்ஜஸ்டரில் தொடருங்கள். ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் இந்த வேலையே இல்லை.

இன்ஜின் ரேஸ் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

முந்தையதற்கு நேர் எதிர்: கிளட்ச் வழுக்குகிறது. பிளேயே இல்லாமல் வைத்திருந்தால் இப்படி ஆகும், முதலில் அதைப் பாருங்கள். பிளே சரி, ஆயில் மாற்றிய பிறகுதான் ஆரம்பித்தது என்றால் போட்ட ஆயிலைச் சந்தேகியுங்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து ஓடுகின்றன. உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உள்ள கார் ஆயிலை ஊற்றினால் வழுக்கத்தான் செய்யும். டப்பாவில் ஜாசோ (JASO) என்ற ஆயில் தரக் குறியீட்டில் எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். எம்பி என்பது ஸ்கூட்டர் மாதிரி ஆயிலில் நனையாத கிளட்ச் உள்ள வண்டிகளுக்கு.

ஹேண்டிலைத் திருப்பினால் ரேஸ் தானாக ஏறுகிறது

இதைத் தள்ளிப்போடாதீர்கள். வண்டியை நியூட்ரலில் ஐடிலில் விட்டு, ஹேண்டிலை இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை திருப்புங்கள். இன்ஜின் சத்தம் துளியும் மாறக் கூடாது. மாறினால் ஆக்ஸிலரேட்டர் கேபிளில் பிளே போதவில்லை, அல்லது கேபிள் எங்கோ சிக்கி இழுபடுகிறது. புதிதாக மொபைல் ஹோல்டரோ கூடுதல் விளக்கோ மாட்டிய வண்டிகளில் வயர்களைக் கட்டிய டை கேபிளையும் சேர்த்துக் கட்டியிருக்கும். முதலில் அங்கே பாருங்கள். கிரிப்பில் 2 முதல் 6 மி.மீ. பிளே இருக்க வேண்டும். விட்டதும் கிரிப் 'டக்' என்று தானே மூடிக்கொள்ள வேண்டும்.

ஆயில் அளவு சரியாகக் காட்டவில்லை

பாதிக்கு மேல் அளக்கும் முறையில்தான் பிசகு. சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும் வண்டியில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். சமதரையில் வண்டியை நிமிர்த்தி, இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, மூன்று நிமிடம் போல ஆயில் கீழே இறங்க விட்டுப் பாருங்கள். டிப் ஸ்டிக் வண்டிகளில் அதை மரையில் சுற்றி அளப்பதா, சும்மா உள்ளே வைத்து அளப்பதா என்பது வண்டிக்கு வண்டி வேறு. தவறான முறையில் பார்த்துவிட்டுக் குறைகிறது என்று ஊற்றுவதால்தான் ஆயில் அதிகமாகிறது. அதிகமான ஆயில் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும். ஏற்கெனவே அதிகம் ஊற்றிவிட்டால், ஒரு ஊசிக் குழாயில் மெல்லிய ட்யூப் மாட்டி உறிஞ்சி எடுத்தால் போதும்.

முதல் ஆயிலை வடித்தால் உள்ளே மினுமினுப்பு

முதல் ஆயில் மாற்றம் பெரும்பாலும் 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் வரும். சூடான ஆயில் எளிதாக வடியும், ஆனால் கொதிக்கக் கொதிக்கக் கழற்றினால் கை வெந்துவிடும். வெதுவெதுப்பு போதும். வடித்ததில் கொஞ்சம் இரு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்து வெயிலில் பாருங்கள். விரல் ரேகைக்குள் புகுந்து மின்னும் வெள்ளித் தூள் தெரியும். தடவினால் கையில் தட்டுப்படாது. அது பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் கியர் பற்களும் பழகியதன் கழிவு. அதை வெளியேற்றத்தான் இந்த ஆயிலை இவ்வளவு சீக்கிரம் மாற்றுகிறோம். கையில் நெருடும் துணுக்கு, நகத்தால் எடுக்கக்கூடிய சீவல் வந்தால் கதை வேறு. ஆயிலையும் துணுக்கையும் ஒரு சுத்தமான பாட்டிலில் எடுத்து வைத்து, படம் எடுத்து, சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. தினமும் மிகக் குறைந்த தூரமே ஓட்டும் வண்டியில் ஈரம் படிந்து இப்படிக் கொஞ்சம் ஆகலாம். ரேடியேட்டர் உள்ள வண்டியில் கூலன்ட் அளவும் குறைந்திருந்தால் மேற்கொண்டு ஓட்ட வேண்டாம்.

ஆயில் மாற்றிய மறுநாள் தரையில் சொட்டு

டிரெயின் போல்ட், அதாவது ஆயில் வடிக்கக் கழற்றும் போல்ட். கசிகிறது என்றதும் கை இன்னும் ஒரு சுற்று முடுக்கத்தான் துடிக்கும். அங்கேதான் வண்டி கெடுகிறது. போல்ட் இரும்பு, அது ஏறும் கிரான்க் கேஸ் (இன்ஜினின் கீழ்க்கூடு) அலுமினியம். முதலில் போவது அலுமினிய மரைதான். பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால் மறுபடி அடைக்காது. ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடுங்கள். போல்ட்டை முதலில் விரலாலேயே கடைசி வரை சுற்றுங்கள். நடுவில் கனத்தால் மரை மாறி ஏறுகிறது என்று அர்த்தம், வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். பிறகு டார்க் ரெஞ்சில் மேனுவல் சொல்லும் அளவு. பல சிறிய வண்டிகளில் அது 20 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள்தான் இருக்கும், நினைப்பதைவிடக் குறைவு. முடுக்கும்போது இறுகிக்கொண்டே வந்த போல்ட் திடீரென்று வெண்ணெயில் போவது போல் இளகினால் உடனே நிறுத்திவிடுங்கள். மரை இளகிவிட்டது, இனி அது லேத் வேலை.

ஆயில் ஊற்றும்போது சொன்ன அளவில் ஒரு நூறு மில்லி குறைத்து ஊற்றி, இன்ஜினை ஒரு நிமிடம் ஓட்டி, அளவு பார்த்து மீதியை ஊற்றுங்கள். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் துளி ஆயில் தடவிப் போடுங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல் பழைய டப்பாவில் மூடி, பழைய ஆயில் வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

பிரேக் பிடிப்பு போதவில்லை, கீச்சென்ற சத்தம்

புது டிஸ்கில் ஒரு காப்புப் படலம் இருக்கும், பேடும் இன்னும் முழுப் பரப்பில் ஒட்டாது. ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில், மிதமான வேகத்திலிருந்து கிட்டத்தட்ட நிற்கும் வரை, பதமாகப் பல முறை பிடித்துவிடுங்கள். நடுநடுவே ஆறவிடுங்கள். சில நாளில் சத்தமும் குறையும், பிடிப்பும் ஏறும். செயின் லூப் அடித்த பிறகு பிடிப்பு போயிருந்தால் டிஸ்கில் எண்ணெய் பட்டிருக்கிறது. டிஸ்கை பிரேக் கிளீனரால் துடைக்கலாம். பேட் எண்ணெய் குடித்திருந்தால் மாற்றுவதே வழி. லீவர் ஸ்பான்ஜ் போல் அமுங்கினால் லைனில் காற்று. புது வண்டியில் அதை வாரன்டியில் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஃப்ளூயிட் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்து உடனே ஊற்றாதீர்கள். பேட் தேய்ந்தால் அளவு இறங்கும். கீழ்க்கோட்டுக்கு மேலே இருக்கும் வரை பிரச்சினை இல்லை. பெயின்டில் சிந்தினால் அரித்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

டயர் வழுக்குவது போல் இருக்கிறது

புது டயரின் மேற்பரப்பு வழவழப்பானது. முதல் 150 கிலோமீட்டர் போலச் சாய்த்துத் திருப்பாமல் ஓட்டுங்கள். காற்றைக் குளிர்ந்த டயரில் மட்டும் பாருங்கள், எண் ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கரில் இருக்கும். அடிக்கடி இறங்கினால் வால்வு வாயில் சோப்புத் தண்ணீர் வைத்துப் பாருங்கள், குமிழ் வரும்.

புகை, வாசம், 'டிக் டிக்'

முதல் சில ஓட்டத்தில் சைலன்சர் குழாயிலிருந்து வரும் வாசமும் மெல்லிய புகையும் பூச்சு எரிவது. குழாய் நீலம் பாய்வது சூட்டால். அணைத்த பிறகு வரும் டிக் டிக் உலோகம் ஆறிச் சுருங்கும் சத்தம். காலையில் சைலன்சரில் சொட்டும் நீர் வெறும் நீர்தான். இவை நாலையும் விட்டுவிடுங்கள்.

ஓடும்போது இன்ஜின் தலையிலிருந்து சீரான மெல்லிய டிக் டிக் வந்தால் அது வால்வு. முதல் சர்வீஸில் இடைவெளியை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். சத்தத்தை மட்டும் கேட்டு முடுக்க விடாதீர்கள். சத்தம் போடும் வால்வைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. இடைவெளியே இல்லாமல் மூச்சுவிடாமல் இருக்கும் எக்ஸாஸ்ட் வால்வுதான் முழுதாக மூடாமல் எரியும்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கிர்ரென்ற அதிர்வு

கண்ணாடி, நம்பர் பிளேட், லெக் கார்டு, செயின் கவர். வண்டியை நிறுத்தி ரேஸ் கொடுத்து, ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பாருங்கள். எதைத் தொட்டால் சத்தம் நிற்கிறதோ அதன் போல்ட். இன்ஜின் மவுன்ட் போல்ட்டை இந்தச் சாக்கில் தொட வேண்டாம்.

ஸ்டார்ட் ஆகவில்லை

முதலில் ஹேண்டிலில் இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச். பிறகு சைடு ஸ்டாண்ட். சிரிக்காதீர்கள், புது வண்டியில் கில் சுவிட்ச் பழகாத விரல் அதைத் தட்டிவிடுவது சகஜம். இரண்டும் சரி, செல்ஃப் 'டக் டக்' என்றால் பேட்டரி முனைகள் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். கழற்ற வேண்டி வந்தால் முதலில் நெகட்டிவ், மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. ஓட்டாமல் சில மணி நேரம் விட்ட பேட்டரியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும், 12.4-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போடுங்கள். இன்ஜின் ஓடி, கொஞ்சம் ரேஸ் கொடுக்கும்போது 13.5 முதல் 14.5 வரை வந்தால் சார்ஜிங் சரி. அது ஏறவே இல்லை என்றால் பேட்டரியை மாற்றிப் பயனில்லை.

முன் பிரேக் பிடித்தால் ஹேண்டிலில் 'டொக்'

கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்) உட்கார்ந்து தளர்ந்திருக்கலாம். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் தளர்வு. ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பது போல் இருந்தால் இறுக்கம் அதிகமாகிப் பாதை குழிந்திருக்கிறது. சோதனை மட்டும் வீட்டில். முடுக்குவதற்குத் தனி ஸ்பேனரும் கைப்பழக்கமும் வேண்டும். சர்வீஸ் சென்டரில் வண்டியைக் கொடுக்கும்போது 'முன்னால் சத்தம் வருகிறது' என்று சொல்லாமல், ஃபோர்க்கை ஆட்டி அவர்கள் கையாலேயே அந்த ஆட்டத்தை உணர வையுங்கள். ஜாப் கார்டில் 'கோன் செட்' என்று எழுதச் சொல்லுங்கள்.